பிளந்த விசைப்பலகையில் ங-கரம் கெடுதல்: ஒரு முன்னாய்வு

1. நோக்கம்

மணிக்கட்டு வலிக்காரர்களின் கடைசிப் புகலிடமாகிய, நடுவில் பிளந்து இரு கைக்கும் தனித்தனியே சரிந்து கிடக்கும் விசைப்பலகையில், தட்டச்சை மறுபடி கற்போர் அடையும் இன்னல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். வலி குறைகிறதா என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. முன்னோர் ஆய்வு

பலகையை இரண்டாகப் பிரிக்கலாம் என்று ஜெர்மனியின் கிளாக்கன்பெர்க் 1926-லேயே எழுதிவிட்டார். மைக்ரோசாப்ட் அப்படியொரு பலகையைக் கடைக்குக் கொண்டுவந்தது 1994-ல். நடுவில் அறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. குவெர்ட்டி விசைவரிசை வரலாற்று விபத்தால் நிலைத்தது என்றார் பொருளியலாளர் பால் டேவிட் (1985). அது கட்டுக்கதை என்றார்கள் லீபோவிட்ஸும் மார்கோலிஸும் (1990). குவெர்ட்டியில் தட்டியே குவெர்ட்டியைத் திட்டுவது கல்விப்புல மரபு.

3. கட்டைவிரல்

இரண்டு உண்டு. ஒன்று ஸ்பேஸ் பாரைத் தட்டும். மற்றது ஓய்வுபெற்ற பேராசிரியர்போலக் குழுவில் பெயருக்கு இருக்கும்.

4. ங-கரம்

தமிழ்99 முறையில் ங இருப்பது ஆங்கில பி (B) விசையில். பிளந்த பலகைகளில் பெரும்பாலும் பி இடப்பாதிக்குப் போய்விடுகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ அடித்து லோயர், ஹையர் முடித்த மரபினருக்கு இதில் சிக்கல் இல்லை. அவர்கள் பி-யை இடக்கையாலேயே தட்டுவார்கள். தானே கற்ற மரபினருள் பலர் வலக்கையை நீட்டுவார்கள். அங்கே இப்போது விசை இல்லை, மேசைதான் இருக்கிறது. ங மேசையில் விழுகிறது. (பக்கத்து மேசைக்காரர், வாய்மொழி: “எதுக்கு சார் மேசையத் தட்டுறீங்க?”)

ங மொழிக்கு முதலில் வருமா என்பதில் தொல்காப்பியரும் நன்னூலாரும் வேறுபடுகிறார்கள். உரையாசிரியர்கள் அதை அலசியிருக்கிறார்கள். எந்த விரலில் வரும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

விளைவு கடுமையானது. தமிழில் பேச்சு மரியாதை முழுவதும் ங-வில்தான் தொங்குகிறது. ‘வாங்க’ என்று தட்டினால் ‘வாக’ என்று விழுகிறது. ‘நீங்கள்’, ‘நீகள்’ ஆகிறது; இது ஒருமையா பன்மையா என்பதை இலக்கணிகள் முடிவு செய்யட்டும். இவையாவது பிழை என்று தெரியும். தெரியாத வகைதான் ஆபத்து. ‘அனுப்புங்க’ ங கெட்டு ‘அனுப்புக’ ஆகிறது. ‘எழுதுங்க’, ‘எழுதுக’. ‘விளக்குங்க’, ‘விளக்குக’. அசல் வியங்கோள்! பணிவாகக் கேட்ட சிறு உதவி, ஐந்து மதிப்பெண் வினாவாகப் போய்ச் சேர்கிறது. (மேலாளர், பதில் மின்னஞ்சல், ஒரே சொல்: “ஏன்?”, மேலும் காண்க: அதே மேலாளர், நேரில், கதவைச் சாத்திய பிறகு.)

இதிலிருந்து, க-வில் முடியும் வியங்கோள் அனைத்தும் பிளந்த பலகையில் பிறந்தவையே என்று துணியலாம். நன்னூல் காலத்தில் கணினி ஏது என்பது எளிய மறுப்பு. ஓலைச்சுவடியில் துளை உண்டு. துளை இருந்தால் பிளவு, பிளவு இருந்தால் ங விழும். இதைவிட மெல்லிய ஆதாரத்தில் நூல்களின் காலத்தையே நிர்ணயித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மணிவிழா மலரும் வந்திருக்கிறது. (பக்கத்து மேசைக்காரர், மேற்படி, சாப்பாட்டுக்கு முன், முழு உடன்பாடு, சாப்பாட்டுக்குப் பின், முழு மறுப்பு, தயிர்சாத டப்பாவின் மூடியில் பென்சிலால் அவர் எழுதிய திருத்தம், கழுவும்போது அழிந்தது, எனவே மூலபாடம் கிடைக்கவில்லை.)

5. ஔவையார்

அவர் ங-வைக் காட்டி வளையச் சொன்னார். பிளந்த பலகைகள் மணிக்கட்டை வளைக்காமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வழியில்லாததால் ஔவையார் ஒத்திவைக்கப்படுகிறார்.

6. பதிப்புக் குறிப்பு

இக்கட்டுரையில் உள்ள ங-க்கள் பழைய பலகையில் தட்டி, பின்னர் ஒட்டப்பட்டவை. கடைசி வரிக்கு வருமுன் அந்தப் பலகையை வீட்டில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாற்றுக் கருத்து உடையவர்கள் தயவுசெய்து எழுதுக.