குரூப் அட்மினுக்குத் தாத்தா சொல்லும் புத்தி

ஏல பேராண்டி, குடும்பக் குரூப்புக்கு நீதான் அட்மினாமே. சந்தோசம்ல. நம்ம பரம்பரையில பதவின்னு ஒண்ணு வாரது இதுதான் முதல் தடவை. பதவிக்கு வந்தவனுக்கு நாலு புத்தி சொல்லணுமில்லா, சொல்லுதேன் கேளு.

காலையில எந்திரிச்சதும் பல்லு விளக்காட்டாலும் பரவாயில்ல, ரோசாப்பூ போட்ட குட்மார்னிங்க அனுப்பிரு. எதுத்த வீட்டு மாமா வாசல்ல நின்னார்னா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிரு. அவருக்கும் அதே ரோசாப்பூ போயிருக்கும்லா. இழவு வீடா? கை கூப்புற படம் ஒண்ணு போதும், பஸ் காசு மிச்சம். எவனாவது பதில் போடலைன்னா உடனே பகை வச்சுக்கோ. 2014-ல வாட்ஸ்அப்காரன் நீல டிக் கொண்டாந்தது பின்ன எதுக்கு? கடுதாசி காலத்துல படிச்சானா இல்லியான்னே தெரியாது. மனுசன் பாட்டுக்கு நிம்மதியா இருந்து தொலைச்சான்.

பகைன்னதும் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வருது. நான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த புதுசுல யூதத் தெருவுல டீ கொண்டு குடுப்பேன். 1957-ல ஆரம்பிச்ச மிளகு வியாபாரச் சங்கம் அங்கனதான் இருந்துச்சு. வரப்போற மாசத்து மிளகுக்கு இன்னைக்கே விலை பேசுற இடம். தரகர்மார் கூடி நின்னு போடுத சத்தம் இருக்கே, புதுசா வாரவன் கொலை விழுந்துட்டுன்னு ஓடிருவான். குஜராத்தி, கொங்கணி, மலையாளின்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேர ஒருத்தன் கத்துவான். நேரம் முடிஞ்சதும் என்ட்ட டீ வாங்கி, எவன்ட்ட கத்துனானோ அவன் தோள்லயே கையப் போட்டுக்கிட்டுக் குடிப்பான். கடன் சொல்லுறதும் ரெண்டு பேரும் சேர்ந்துதான், அது வேற கதை. பிறகு வியாபாரம் கம்ப்யூட்டருக்குப் போச்சு. சத்தமும் போச்சு, என் டீயும் போச்சு. இப்பக் கத்துறதெல்லாம் உங்க கட்டைவிரல்தான். அது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு ஆறு மாசம் கழிச்சும் கத்துது.

அதுக்காகப் போனை முழுசா ஏசமாட்டேன். 2018 ஏப்ரல் 16-ல கேரளாவுல எந்தக் கட்சியும் கூப்பிடாத ஹர்த்தால் ஒண்ணு வாட்ஸ்அப் வழியாவே நடந்துச்சு. மலபார் பக்கம் கடைய அடைக்க வச்சானுவ. யாருல கூப்பிட்டாங்கன்னு கேட்டா, ஃபார்வர்டு வந்துச்சுங்கான். கிளப்பிவிட்டவனுவள போலீஸ் பிறகு தேடித்தான் பிடிச்சுது. அதே வருசம் ஆகஸ்ட்ல பெருவெள்ளம். அதே போன்லதான் 'மொட்டை மாடியில நிக்கோம்'னு இடத்தைப் போட்டு அனுப்புனாவ. கடலுக்குப் போற மீன்காரன் வள்ளத்தை லாரியில ஏத்திக் கொண்டாந்து ஆளுவள இறக்குனான். மொட்டை மாடிக்காரன் எந்தச் சாதி, எந்தக் கட்சின்னு அவன் புரொஃபைலைத் திறந்து பாக்கல. தம்ப்ஸ் அப்பு போட்டுட்டு வீட்டுல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீயே சொல்லு.

இப்போ விசயத்துக்கு வாரேன். பள்ளுருத்திச் சித்தப்பன் மொய்க்கணக்குச் சண்டையில குரூப்ப விட்டு 'லெஃப்ட்' ஆயிட்டானாம், நீ அவனுக்குத் திரும்பிச் சேர லிங்க் அனுப்பிருக்கியாம். பள்ளுருத்தி என்ன பம்பாய்லயால இருக்கு? சைக்கிளை எடு. அவன் வாசல்ல போயி நில்லு. வைவான், வாங்கிக்கோ. சித்தி சோறு போடுவா, மறுக்காமத் தின்னுட்டு வா.