இமை இறங்கினால் இன்ஷூரன்ஸ் இரங்குமா?

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு மேல் இமையும் தொங்கிப் பாதிக் கண்ணை மறைக்கிறது. நெற்றியைத் தூக்கித் தூக்கித்தான் பார்க்கிறார். ‘இது அழகுக்கான ஆபரேஷன், பணம் வராது’ என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
- வாசகி, சாம்பியன் ரீஃப்

பதில்: அழகுக்காக யாராவது நாள் முழுக்க நெற்றியைத் தூக்கிக்கொண்டிருப்பார்களா? தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணமில்லை என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்கு. பார்வையை மறைக்கும் இமையைத் தூக்குவது தோற்றத்துக்காக அல்ல. ஆனால் இதை நீங்கள் சொன்னால் கம்பெனி கேட்காது, காகிதம் சொல்ல வேண்டும்.

கண்மணியின் நடுவிலிருந்து மேல் இமை விளிம்புவரை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்கமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். 2-க்கு இறங்கிவிட்டால் உங்கள் கட்சி வலுவாகும். பார்வைப் புலச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும்: இமை தொங்கியபடி ஒருமுறை, பிளாஸ்திரி ஒட்டித் தூக்கி ஒருமுறை. நேராகப் பார்க்கும் போட்டோவும் வேண்டும். ‘பார்வை மறைகிறது, சிகிச்சை அவசியம்’ என்று டாக்டரின் கடிதத்தில் இருக்கட்டும். எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். இமையைத் தூக்கித் தைத்த பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சாது. பாலிசி புதிது என்றால், ஏற்கெனவே இருந்த நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஓராண்டுக்குள் பெங்களூரில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஏஜென்ட் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக் கிளெய்மே போடாமல் விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: அதே ஆபரேஷனில் கண்ணுக்குக் கீழே தொங்கும் பையையும் எடுத்துவிடலாமா?
- வாசகர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: எடுக்கலாம், உங்கள் பணத்தில். கீழ்ப்பை பார்வையை மறைப்பதில்லை. ஒரே பில்லில் சேர்த்தால் மேல் இமைக்கு வர வேண்டியதும் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: பாலிசியே இல்லை. கோலார் தங்கச் சுரங்கம் ஓடியபோது வைத்தியத்துக்குக் கவலை இருந்ததில்லை. இப்போது எங்கே போவது?
- முன்னாள் சுரங்கத் தொழிலாளி, மாரிக்குப்பம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபோது, பாறைத்தூளில் உழைத்த உடம்புக்கு இனி யார் வைத்தியம் பார்ப்பது என்பதைத்தான் முதலில் தீர்த்திருக்க வேண்டும்.

இரண்டு வழி உண்டு. பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வைத்தியம் உண்டு. முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முடியாவிட்டால் சிபாரிசுக் கடிதம் வாங்காமல் தனியார் வாசலை மிதிக்காதீர்கள். மகனோ மகளோ விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்களா? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், அவர்களை நம்பி வாழும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் உண்டு. பலர் வீட்டில் அந்தக் கார்டில் அப்பா அம்மா பெயரே சேர்க்கப்படாமல் கிடக்கிறது. இன்றைக்கே கேளுங்கள்.

கேள்வி: காலையில் இமை சரியாக இருக்கிறது, சாயங்காலம் இறங்கிவிடுகிறது. ஆபரேஷன் செய்யலாமா?
- வாசகி, ஆண்டர்சன்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். நரம்பிலிருந்து தசைக்கு உத்தரவு சரியாகப் போய்ச் சேராத மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். அதற்கு மருந்துதான் முதல் வைத்தியம். நரம்பு டாக்டரைப் பாருங்கள். ஒரு கண் மட்டும் திடீரென்று மூடி, கடுமையான தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்தால் மறுநாள்வரை காத்திருக்கவே கூடாது.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ராத்திரி தரையில் படுத்தவர் காலையில் இமையைத் தூக்க முடியாமல் எழுந்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். பல நேரம் கடிவாயே தெரியாது, வலியும் இருக்காது. மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோங்கள்.