கைண்ட்லி சார்

தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுப்பார்கள், இல்லையென்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று கத்துவார்கள். கைண்ட்லி சார் இரண்டையும் செய்யமாட்டார். வெள்ளைத்தாளில் மார்ஜின் மடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுத உட்காருவார். முதல் பத்தியில் அதிகாரி குடும்பத்தோடு நலமாக இருக்க வேண்டுவார். இரண்டாவதில் அந்த அலுவலகத்தின் அயராத சேவையை வியப்பார். மூன்றாவதில், இது புகாரே இல்லை, 'ஜஸ்ட் எ ஸ்மால் சஜஷன்' என்று சத்தியம் செய்வார். தாளைத் திருப்பினால்தான் விளக்கு வரும். அப்போதும் எரியவில்லை என்று வராது. 'லிட்டில் பிட் டல்'லாக இருப்பதுபோல் தமக்குத் தோன்றுவதாகவும், கோளாறு தம் கண்ணிலேயே இருக்கலாம் என்றும் வரும். பிறகு, இருட்டில் தடுமாறுகிற அவரே தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' சொல்லி, முன்கூட்டியே நன்றியும் தெரிவித்துக் கையெழுத்துப் போடுவார். படித்து முடிக்கிற குமாஸ்தாவுக்கு, யாரோ ஒரு நல்ல மனிதர் வாழ்த்து அனுப்பியிருக்கிறார் என்றுதான் படும். குமாஸ்தாவைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த 'லிட்டில் பிட்'தான் சாருடைய உயிர்நாடி. சாக்கடை பொங்கி வாசற்படி ஏறினால் லிட்டில் பிட் ஓவர்ஃப்ளோ. கேஸ் சிலிண்டர் இருபது நாள் கழித்து வந்தால் லிட்டில் பிட் டிலே. ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுந்து கரண்ட் பில் பத்து மடங்கு வந்தால் லிட்டில் பிட் ஹையர் சைடு. மாடி வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மி கொத்தினாலும் லிட்டில் பிட் சவுண்டுதான். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊசிப்போயிருக்கிறது. சமையற்காரரை அழைத்து, எல்லாம் எக்ஸலன்ட், சாம்பார் மட்டும் லிட்டில் பிட் டிஃபரன்ட் என்பார். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். சார் அதையும் சாப்பிடுவார். மருத்துவரிடம் மறுநாள் சொல்லும்போது வயிறு லிட்டில் பிட் அப்செட்.

இவர் அரக்கோணத்தில் விளைந்ததில் வியப்பில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்த ஊர் வழியாகப் போட்டதுதான். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை. ராஜாளி கடற்படை விமானத்தளம் வந்தபின் வேற்று மாநிலத்துப் பேச்சும் கடைத்தெருவில் சேர்ந்துகொண்டது. இத்தனை பேருக்கும் பொதுவாக ஓர் ஆபீஸ் ஆங்கிலம் தேவைப்பட்டது. அதை ரயில்வே காகிதங்கள் கொடுத்தன. வட ஆற்காடு மாவட்டம் வேலூர் ஆயிற்று, 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டை பிரிந்தது. சாருடைய கடிதத்தில் மாவட்டம் மாறியது, 'ஐ பெக் டு ஸ்டேட்' மாறவில்லை. கெஞ்சுவதுதான் மரியாதை என்று அவர் கற்றுக்கொண்டார். அந்த நடையை இங்கே இறக்கிய வெள்ளைக்காரன் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பியதில்லை என்பதுதான் வேடிக்கை. 'முடியாது, போ' என்று ஓர் அதிகாரி எழுதும் கடிதத்தின் அடியிலும் 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்றுதான் இருக்கும். அவனுக்கு அது தபால்தலை மாதிரி, ஒட்டினால் கடிதம் போகும். சார் அதை மந்திரமாக எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலேயரே இப்படிச் சுற்றி வளைத்துத்தானே பேசுகிறார்கள் என்று கேட்கலாம். பேசுகிறார்கள். ஆனால் லண்டன்காரர் 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால், நீ சொல்வது அபத்தம் என்று எதிரில் இருப்பவருக்கு உடனே உறைக்கும். 'லிட்டில் டிஸப்பாயின்டட்' என்றால் கொதித்துப்போயிருக்கிறார் என்று பொருள். பூட்டுப் போடுகிறவரிடமும் திறக்கிறவரிடமும் ஒரே சாவி இருப்பதால் அது நடக்கிறது. நம்மிடமும் அந்தச் சாவி உண்டு. சம்பந்தி வீட்டம்மா உதட்டைச் சுழித்து, "பரவால்லைங்க, இருக்கட்டும்" என்றால், பரவாயில்லாதது எது என்று பந்தல்காரருக்குக்கூடத் தெரியும். "உங்களுக்குத் தெரியாததா?" என்பதைவிடக் கூர்மையான கண்டனம் எந்த மொழியிலும் அதிகம் இராது. சார் என்ன செய்கிறார் என்றால், லண்டன் பூட்டை வாங்கி அரக்கோணத்துக் கதவில் மாட்டுகிறார். லிட்டில் பிட் என்று அவர் எழுதினால், எதிரில் இருப்பவர் கொஞ்சம்தானே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று படிக்கிறார். எழுதியது அதுதானே?

வெடுக்கென்று எழுதினால் காரியம் கெட்டுவிடும் என்பது சார் தரப்பு வாதம். பணிவு வேறு, மழுப்பல் வேறு. 1852-ல் காசுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன், பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. விண்ணப்பத்துக்கு உரிய பணிவெல்லாம் இருந்தது. ஆனால் வரி வசூலிக்க ரயத்து விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அவர்கள் 'லிட்டில் பிட்' ஆக்கவில்லை. பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்தது, விசாரணைக் கமிஷன் வந்தது, 1855-ல் அறிக்கையும் வந்தது. ரயில்வேயிலிருந்தே இன்னொரு சான்று. 1909-ல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தால் பேர்பெற்றது. பலாப்பழத்தால் வயிறு ஊதி, ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறுகையில் வேட்டியுமாக ஓடி, விழுந்து, ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும் மானம் போனது. கார்டுக்கு அபராதம் போடு, இல்லாவிட்டால் பத்திரிகைக்குச் சொல்லுவேன். இவ்வளவுதான் கடிதம். இலக்கணம் இடறி விழுந்து கிடக்கிறது. ஆனால் எந்த ஊர், என்ன நடந்தது, யார் செய்தது, என்ன வேண்டும் என்பதில் ஒன்றும் விடுபடவில்லை. ரயிலில் கழிப்பறை வந்ததே இந்தக் கடிதத்தால்தான் என்று சொல்வதை முழுசாக நம்ப வேண்டியதில்லை. நூறு ஆண்டு தாண்டியும் அவருடைய குறை இன்னதென்று நமக்குத் தெரிகிறதே, அது போதும். சாருடைய கடிதத்தில் இலக்கணம் மட்டும்தான் பிழைக்கிறது.

மத்திய அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும் என்பார் அடுத்தபடியாக. வேண்டாம். அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் குறைகளை முறையிட எல்லாருக்கும் உரிமை தருகிறது. முறையிடத் தமிழ் போதும் என்பது சாருக்கும் உள்ளுக்குள் தெரியும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறி, 365 படி முடிந்து மூச்சு வாங்க நிற்கும்போது அவர் கைண்ட்லி சொல்வதில்லை. "ஏம்ப்பா முருகா, உனக்கே இது நல்லாருக்கா?" என்று ஒருமையில் நேராகக் கேட்கிறார். அந்தத் திருத்தணியே 1960-ல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, ம.பொ.சி. போன்றவர்கள் வடக்கெல்லைக்காக வெளிப்படையாகப் போராடியதால்தான். 'ஜஸ்ட் எ ஸ்மால் சஜஷன்' என்று அன்றைக்குக் கடிதம் போட்டிருந்தால், சாருடைய திருத்தணி டிக்கெட் இன்று ஆந்திர எல்லையைத் தாண்டியிருக்கும்.

இத்தனைக்கும் சார் நல்லவர். யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் எழுதித் தருகிறவர். தாளும் அவருடையதே, தபால் செலவும் அவருடையதே. கோபம் வருவதும் அந்த இடத்தில்தான். தம் வீட்டு வாசல் இருட்டுக்கு அவர் எத்தனை பத்தி பணிவு வைத்தாலும் அது அவர் பாடு. பென்ஷன் நின்றுபோன விதவை ஒருத்தி வந்து, "ஆறு மாசமா பணம் வரல சார், வாடகை கட்டல, கடைக்காரன் கடன் தரமாட்டேங்கறான்" என்கிறாள். அதில் எண் இருக்கிறது, விளைவு இருக்கிறது, அவசரம் இருக்கிறது. மனுவுக்கு வேறென்ன வேண்டும்? சார் அதை வாங்கி ஆங்கிலத்தில் கடைந்தெடுக்கும்போது ஆறு மாதம் 'ஃபார் சம் டைம் பாஸ்ட்' ஆகிறது. வாடகை 'சம் ஸ்மால் இன்கன்வீனியன்ஸ்' ஆகிறது. கடைக்காரன் மரியாதைக் குறைவு என்று நீக்கப்படுகிறான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அந்த அம்மா கும்பிட்டுக் கைநாட்டு வைக்கிறாள்.

சார், அடுத்த தாளை எடுத்தால் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஆறு மாதமாகப் பணம் வரவில்லை.