போர்டு பேச்சைக் கேளு, மருமவனே

கடை தொறக்கதுக்குள்ள பையைத் தூக்கிட்டு வந்து நிக்கியே மருமவனே, மாமனுக்கு அல்வா வாங்கியாந்திருக்கன்னுல்லா நெனச்சேன். ரேமா? 8 ஜிபி, டிடிஆர் ஃபோர், ஆஃபர்ல அமுக்கிட்டியாக்கும். உங்கப்பன் 2010-ல வாங்கிப்போட்ட கோர் டூ டியோவுக்கா? பலே. அப்ப அல்வா எனக்கில்ல, வித்தவன் உனக்குத்தான் குடுத்திருக்கான். நீ எஞ்சினியரிங் படிச்ச ஆளு. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டா, சிட்டா பிரிண்ட் எடுத்துக் குடுத்துக் கஞ்சி குடிக்கிற கெழவன். எனக்கு என்னத்தத் தெரியும்?

இருந்தாலும் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. இதுல 288 பின். உன் மிஷின் ஸ்லாட்டுல 240. சம்மட்டி வச்சு அடிச்சாலும் எறங்காது. அதை இங்கனயே வச்சிட்டுப் போ, என் கடை மிஷின்ல ஒரு ஸ்லாட் சும்மாதான் கெடக்கு. சரி சரி, மொறைக்காத.

240-ன்னா எது வேணா பொருந்தும்னு அடுத்தாப்ல ஓடிராத. டிடிஆர் டூவுக்கும் 240, டிடிஆர் த்ரீக்கும் 240. ஆனா அடியில ஒரு வெட்டு இருக்கு பாரு, அது ரெண்டுலயும் ஒரே எடத்துல இருக்காது. டூ 1.8 வோல்ட் கேக்கும், த்ரீ 1.5. செஞ்சவன் வேணும்னேதான் தள்ளி வெட்டியிருக்கான். உன்னை மாதிரி அவசரக்காரன் ஊருக்கு ஊரு உண்டுன்னு அவனுக்குத் தெரியும்.

மொதல்ல மிஷினோட பக்கத்து மூடியக் கழத்து. உள்ள நீ காலேஜ்ல சேந்த வருசத்துத் தூசி இருக்கும், தொடச்சுட்டுப் பாரு. போர்டு மேலயே மாடல் பேரை அடிச்சிருப்பான். குனிஞ்சா முதுகு வலிக்கும்னா, சிபியு-இசட்னு ஒரு சாப்ட்வேர் ஓசியிலயே கெடைக்கும். அதுல மெயின்போர்டு, எஸ்பிடின்னு ரெண்டு பக்கத்தைத் தொறந்தா சங்கதி வெளிய வந்துரும். ஜி31-ன்னு வந்தா டிடிஆர் டூ, மொத்தமே 4 ஜிபிதான் தாங்கும். ஜி41-ன்னா 8 வரைக்கும் போகும். ஆனா அதுல சில போர்டு டூ கேக்கும், சில போர்டு த்ரீ கேக்கும். உன்னுது ஜி41, த்ரீ. எனக்கெப்படித் தெரியும்கியா? உங்கப்பன் வாங்கின அன்னைக்குக் கூடப் போனவனே நான்தாம்ல.

இந்த ஜி41-க்கு ஒரு குசும்பு உண்டு, இதை மட்டும் காது குடுத்துக் கேளு. 4 ஜிபி குச்சியக் கையில வாங்கினதும் வெலையக் கேக்காத, கருப்புச் சில்லை எண்ணு. முன்பக்கம் 8, திருப்பிப் போட்டா பின்பக்கம் 8, ஆக 16 இருந்தா எடுத்துக்க. ஒரு பக்கம் 8, மறுபக்கம் மொட்டையா இருந்தா வச்சிட்டு வா. 16 உள்ளதுல ஒவ்வொரு சில்லும் 2 ஜிகாபிட், 8 உள்ளதுல 4 ஜிகாபிட். ஜி41-க்கு 2-க்கு மேல எண்ணத் தெரியாது. கடைக்காரன், "ரெண்டும் 4 ஜிபிதான் சார்"னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவான். பொய்யில்ல. ஆனா வீட்டுக்கு வந்து மாட்டினா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது, மிஷின் பீப் பீப்னு ஒப்பாரி வைக்கும்.

டிடிஆர் டூவுல இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். 4 ஜிபி குச்சி சல்லிசா வருதேன்னு பாத்தா, கீழ பொடி எழுத்துல 'ஏஎம்டிக்கு மட்டும்'னு போட்டிருக்கும். இன்டெல் போர்டு அதைச் சீந்தாது. பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேணும்னா என்னுத எடுத்துக்க.

வேகத்துக்காகத் துட்டை எறியாத. 1600-ன்னு ஸ்டிக்கர் ஒட்டினதைப் போட்டாலும், ஜி41-க்கு இன்டெல்காரன் போட்ட கணக்கு 1066தான். வேற வேற வேகத்துல ரெண்டைச் சோடி போட்டா, சண்டி மாட்டோட பூட்டின காளை மாதிரி, மெதுவா போறதோட நடைக்குத்தான் மத்ததும் நடக்கும். ஒரே அளவுல ரெண்டா வாங்கு, டூயல் சேனலாவது கெடைக்கும்.

விண்டோஸ் 32 பிட்டா, 64-ஆ? பாத்தியா, வானத்தைப் பாக்க. 32-ன்னா நீ 8 போட்டாலும் 3 சொச்சம்தான் கணக்குல வரும், மிச்சம் தண்டச்சோறு.

டூ போர்டா இருந்திருந்தா சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிருக்கும். அதுல இன்டெலுக்குச் சேருற 4 ஜிபி குச்சி அபூர்வம், ஆனை வெல. த்ரீங்கறதால தப்பிச்ச. துட்டு மிஞ்சினா ஹார்டு டிஸ்கைக் கழத்திட்டு எஸ்எஸ்டி ஒண்ணு போடு. ரேம் போட்டு வராத வேகம் அதுல வரும். இதை மொதல்லயே சொல்லக்கூடாதான்னு கேக்கியா? சொல்லியிருந்தா இம்புட்டு நேரம் மாமன் கிட்ட உக்காந்திருப்பியால?

வாங்கயில, 'சேரலேன்னா மாத்தித் தாரேன்'னு பில்லுலயே எழுதி வாங்கு. பழைய குச்சியத் தூக்கி எறிஞ்சிராத. பிளக்கைப் புடுங்கிட்டு, அந்தத் தங்கக் கலர் பின்னைப் பென்சில் ரப்பரால நாலு தேய் தேய்ச்சு மாட்டிப் பாரு. பாதி வியாதி அதுலயே போயிரும். புதுசு மாட்டின அன்னைக்கு மெம்டெஸ்ட்டைப் போட்டு ராத்திரி பூரா ஓடவிடு. செவப்பு வரி ஒண்ணே ஒண்ணு விழுந்தாலும் காலையில கடைக்குக் கெளம்பிரு. எனக்கும் ஒரு போனைப் போடு, வாரேன். அந்தக் கடைக்கு எதுத்தாப்ல டீ நல்லாருக்கும்.