ஓய்வு உங்களுக்கு, முட்டிக்கு இல்லை

ராமானுஜர் 120 வருடம் வாழ்ந்தாராம். அவர் பிறந்த ஊர்க்காரர்கள் நாங்கள் 58-லேயே ரிட்டயர் ஆகி உட்கார்ந்துவிட்டோமே? (ஸ்ரீபெரும்புதூர்)

உட்கார்ந்ததுதான் வினை. 1017-ல் பிறந்து 1137 வரை இருந்தார் என்கிறது குருபரம்பரை. திருவரங்கம், மேல்கோட்டை என்று அலைந்தவர். அவர் தெருமுனைக்கு ஷிப்ட் பஸ் வரவில்லை.

ரிட்டயர் ஆனால் இ.எஸ்.ஐ. அட்டை செல்லாக்காசுதானா? (ஒரகடம்)

இல்லை. குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதில் வெளியே வந்தவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். அவருக்கும் துணைக்கும் சிகிச்சை தொடரும். பிரிவு உபசார விழாவில் இதை யாரும் சொல்வதில்லை. சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை கம்பெனி மாறினாலும் பழைய இ.எஸ்.ஐ. நம்பரையே கொடுங்கள். ஆளுக்கொரு நம்பர்தான். கம்பெனிக்கொரு புது நம்பர் போட்டால், கடைசியில் அந்த 5 வருடத்தைக் கூட்டிக் காட்டுவதற்குள் முட்டி தேய்ந்துவிடும்.

முட்டி என்றதும் கேட்கிறேன். பல வருடம் லைனில் நின்ற கால். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுத்தான் நாள் ஓடுகிறது. (சுங்குவார்சத்திரம்)

முட்டியைத் தூங்கவைத்துவிட்டுக் கிட்னியைச் சீண்டுகிறீர்கள். பிரஷர், சுகர் வேறு இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். டாக்டரைப் பாருங்கள். முட்டியைத் தாங்குவது தொடைச் சதை. அதற்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், முடிந்த தடவை. 'இந்த வயதிலா?' என்பீர்கள். 1990-ல் வெளியான ஆய்வு ஒன்று: பாஸ்டன் முதியோர் இல்லத்தில் இருந்த சிலரை, சராசரி வயது 90, எட்டு வாரம் காலால் எடை தூக்க வைத்தார்கள். கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அவர்களோடு பார்த்தால் நீங்கள் டிரெய்னி.

மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்க மாதாமாதம் நான்தான் லீவு போடுகிறேன். (வல்லக்கோட்டை)

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது; சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் வீட்டில் அது மாமியாரைத் தேடி மருத்துவம். பாதத்தில் புண் இருக்கிறதா என்று மட்டும் தினமும் நீங்கள் பாருங்கள். அதற்கு லீவு வேண்டாம்.

தினம் 10,000 ஸ்டெப் நடந்தே தீர வேண்டுமா? (மாத்தூர்)

அது 1965-ல் ஜப்பானில் ஸ்டெப் எண்ணும் கருவியை விற்க வைத்த கணக்கு. வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏரிக்கரையில் நடங்கள். மெயின் ரோட்டில் வரும் கன்டெய்னர் லாரிக்கு மூத்த குடிமகன் சலுகை தெரியாது.