பாட்டில்ல அடைச்ச பழையது

ஏலே பேராண்டி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் தொறந்துக்கிட்டு என்னலே தேடுத? திருட்டுப் பூனைன்னு கம்பைத் தூக்கிட்டேன். ஓட்ஸ் ஊறப் போடுதியா? போடு, போடு. ஆச்சி பழையதை நீட்டுனா மூஞ்சியைத் திருப்புத. அதையே கண்ணாடி பாட்டில்ல அடைச்சு 'ஓவர்நைட்'டுன்னு பேர் வச்சா வாயைப் பொளக்க.

கோவிச்சுக்காத. அன்னைக்கு நீதானே போன்ல வாசிச்சுக் காட்டுன? 1900 வாக்குல சுவிட்சர்லாந்துல, சூரிச்சுல, பிர்ச்சர்-பென்னர்னு ஒரு டாக்டரு. மலையேறப் போன எடத்துல மேய்ச்சக்காரன் சாப்பாட்டைப் பாத்துட்டு வந்து நோயாளிகளுக்குக் குடுத்தாராம். மேய்ச்சக்காரன் தின்னா அது வெறுங்கஞ்சி, டாக்டர் எழுதிக் குடுத்தா மூஸ்லி!

மனுசன் கணக்கைக் கேளு. ஆளுக்கு ஆப்பிள் 200 கிராம் சீவிப் போடணும். ஓட்ஸு ஒரே ஒரு கரண்டி, மூணு கரண்டித் தண்ணியில ராத்திரி பூரா ஊறணும். எலுமிச்சஞ்சாறு, டின் பாலு, பொடிச்ச பாதாம் வகைக்கு ஒரு கரண்டி. ஆக, பழந்தான் சோறு, ஓட்ஸு வெறும் தொடுகறி. நீ என்னடான்னா காளைக்குப் பருத்திக்கொட்டை வைக்கிற மாதிரி ஓட்ஸைக் கொட்டி, மேல நாலு திராட்சையை ஒட்டிப் போட்டோ எடுக்க.

சரி, ஒன் வழிக்கே வாரேன். அவல் மாதிரித் தட்டையா இருக்கும் பாரு, அதை வாங்கு. ஆவி காட்டி உருளையில நசுக்குனது, அதான் அடுப்பில்லாமலே ஊறிருது. வெட்டி நொறுக்குன ஓட்ஸு ஒனக்காகும், என் பல்லுக்காகாது. சர்க்கரை, வாசனை கலந்து விக்கிற பாக்கெட்டுப் பக்கம் போகாத. 40 கிராம் ஓட்ஸுக்கு 100 மில்லி பாலு, ரெண்டு கரண்டி தயிரு போதும். விடிஞ்சா வெண்டிக்கா மாதிரி கொழகொழன்னு இருக்கும். முகஞ்சுளிக்காத, அதுலதாம்லே பீட்டா குளுக்கான் இருக்கு, ரத்தத்துக் கொழுப்பைக் கொறைக்கிற சரக்கு.

பழத்துல ஒரு சூட்சுமம். பச்சைப் பப்பாளியையும் அன்னாசியையும் ராத்திரியே பால்ல போட்டா, அதுக பாலோட புரதத்தை அரிச்சுக் கசக்க வச்சிரும். போன வாரம் பால்காரனைத் திட்டுனியே, பாவம் அவன். வாழப்பழம் கறுத்துப்போகும், விடிஞ்சப்புறம் நறுக்கு. மாம்பழம், மாதுளை சாதுக. அப்புறம், பாட்டிலைத் திண்ணையில வச்சிராத. சோத்துல தண்ணி ஊத்தி வெளிய வச்சாப் புளிச்சு நீச்சத்தண்ணியாகும். பாலை அப்படி வச்சா நீ கக்கூஸும் கையுமாத்தான் அலையணும்.

இன்னும் என்னலே தொழாவுத? ஓ, நேத்து வச்ச பாட்டிலா... ஏலக்கா கொஞ்சம் கூடிப்போச்சுடா.