வெயிலுக்குச் சோம்பும் மணிக்கூடு

வெள்ளைக்காரர்களின் மணிக்கூட்டுக்கு ஒரு பொல்லாத வியாதி இருந்தது. வெயில் ஏறினால் பெண்டுலக் கம்பி நீளும். நீண்டால் ஆட்டம் சோம்பும். உருக்குக் கம்பியென்றால் 10 பாகை செல்சியஸ் சூடு கூடினால் நாளொன்றுக்கு 5 செக்கன் பின்தங்கும். இந்த 5 செக்கனுக்காக லண்டனில் பெரிய மண்டைகளெல்லாம் தூக்கம் தொலைத்தன.

1721இல் ஜோர்ஜ் கிரஹாம் என்பவர் பெண்டுலத்தின் குண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பாதரசச் சாடியொன்றைத் தொங்கவிட்டார். கம்பி கீழே நீள, பாதரசம் மேலே எழும்ப, கணக்கு நேராகிவிட்டது. சில வருஷத்தில் ஜோன் ஹரிசன் என்ற தச்சர் உருக்கையும் பித்தளையையும் மாற்றி மாற்றிக் கோத்து ஒன்பது கம்பியில் பெண்டுலம் செய்தார். ஒரே தேயிலைத் தோட்டத்தில் இரண்டு யூனியன் தலைவர்மார் கதைதான்: உருக்கு கீழே தள்ள, பித்தளை மேலே இழுக்க, குண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த மாதிரிப் பெண்டுலத்தோடு ஜோன் ஷெல்டன் செய்த மணிக்கூடு ஒன்று மதராசுக்குக் கப்பலேறியது. கப்டன் குக் தென்கடலுக்குக் கொண்டுபோனதும் ஷெல்டன் கைவேலைதான். கும்பினியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தில் அது உத்தியோகம் பார்த்தது. பிறகு குளிர் தேடிக் கொடைக்கானல் மலையேறிவிட்டது. எல்லாத் துரைமாரும் செய்ததுதானே!

இலங்கை மலையகத்தில், எங்கள் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், துரைமார் காலத்தில் இந்தச் சள்ளையெல்லாம் இருந்ததில்லை. விடியுமுன் தப்புப் பறை முழங்கினால் அதுதான் நேரம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் நிற்கவேண்டும். தப்புக்கும் அதே வியாதிதான், ஆனால் தலைகீழ். மலைப்பனியில் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிப்போகும். தப்புக்காரர் சருகு கூட்டித் தீ மூட்டி, தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். முறுக்கேறியதும் அடி விழும். பாதரசம் வேண்டாம், பித்தளை வேண்டாம், லண்டனுக்குக் கடிதம் எழுதவும் வேண்டாம். செக்கன் சுத்தம் துரைக்கும் தேவைப்படவில்லை. கொழுந்து நிறுக்கையில் இறாத்தல் இறாத்தலாகக் கழிப்பவருக்கு 5 செக்கன் எம்மாத்திரம்?

கடைசியில் மணிக்கூட்டின் வியாதிக்கு மருந்தாக, 1896இல் சுவிஸ்காரர் சார்ல்ஸ் எதுவார் கியோம் இரும்போடு நூற்றுக்கு 36 பங்கு நிக்கல் சேர்த்து ‘இன்வார்’ என்ற கலவையைக் கண்டுபிடித்தார். சூடு பட்டாலும் கிட்டத்தட்ட நீளாத உலோகம். அதற்கு 1920இல் நோபல் பரிசு. பிரேரணைப் பட்டியலில் இருந்த ஐன்ஸ்டைனுக்கு அந்த வருஷம் ஒன்றுமில்லை.

தப்புத் தோலைக் காய்ச்சியவருக்கு எந்த வருஷமும் ஒன்றுமில்லை. பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி.